மஸ்கட்காரனுக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது

எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடம் எடுத்தவன் நான். புயல் எங்கே பிறக்கும், எந்தப் பக்கமாகச் சுழலும், அதன் கண் எங்கே இருக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நம்பவைத்திருக்கிறேன். நான் ஒரு புயலையும் நேரில் பார்த்ததில்லை. புதுக்கடைக்குப் பக்கத்தில், ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காற்று என்பது மரத்தின் உச்சியில் நடக்கிற சமாச்சாரம். கீழே நமக்குச் சருகுதான் வந்துசேரும்.

அப்படிப்பட்ட என்னை, இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், ஒரு மே மாதக் கடைசியில், புயலைத் தேடிப் போகிற வண்டியில் நிபுணன் என்று சொல்லி ஏற்றினார்கள். நானும் மறுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள்.

புயல் எங்களுக்குத் தேவையில்லை. எங்களில் ஒருத்தனுக்குத் தேவைப்பட்டது. அவனை மஸ்கட்காரன் என்றே சொல்கிறேன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் விமானம் ஏறியவன், இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் வந்திருந்தான். முப்பது நாள் லீவு. அவன் அங்கே இருக்கும்போது பிறந்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. போனில் அவன் குரலைக் கேட்டால் சிரிப்பாளாம். ஆளை நேரில் கண்டதும் வீறிட்டு அழுதாள். பெரிய மீசையும் சென்ட் வாசமுமாக ஒரு தடியன் கையை நீட்டிக்கொண்டு வந்தால் நானும் அழுவேன்.

அன்று முதல் அவனுக்கு அதுவே வேலை. முதல் வாரம் பிள்ளை அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஓடினாள். இரண்டாம் வாரம் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வாரம் ஒரே அறையில் இருக்கச் சம்மதித்தாள், அவன் அசையக்கூடாது என்ற நிபந்தனையோடு. இருபத்தேழாம் நாள் அவன் நீட்டிய பிஸ்கட்டை, அம்மா சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு டீ வாங்கித் தந்தான். அடுத்த மூன்றாம் நாள் டிக்கெட். சனிக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்திலிருந்து விமானம்.

"இன்னும் ரெண்டே ரெண்டு நாள் கெடச்சா போதும்லே மக்கா," என்றான். "எங்கிட்ட வந்திருவா. ஒரு தடவ தூக்கிட்டுப் போனாக் கொள்ளாம்."

லீவை நீட்டிக் கேட்க முடியாது. சொன்ன நாளில் போகாதவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆனால் விமானமே போகவில்லை என்றால் யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விமானம் போகாமலிருக்க ஒரு புயல் வந்தால் போதும்.

இந்த யோசனையைக் கொடுத்தவன் புதுக்கடையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எங்கள் இன்னொரு கூட்டாளி. பரீட்சை முடிவு பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் ஆட்கள் வருகிற கடை அது. மற்ற நேரமெல்லாம் அவன் இணையத்தில் மேகப் படம் பார்ப்பான். அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். பிரிண்டரில் நீல மை தீர்ந்துபோயிருந்ததால் கடல் மஞ்சளாகவும் புயல் சிவப்பாகவும் இருந்தது. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் நேராகக் குளச்சலைப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டிருந்தான்.

"நாளைக்கு நம்ம கடக்கரையில எங்கெயாவது கேறும். நாம போய் முன்னாலயே பாத்துட்டா, பிளைட்டு போவுமா போவாதான்னு கண்டிசனா சொல்லிரலாம்," என்றான்.

"சார் என்ன சொல்லுகியரு?" என்று மஸ்கட்காரன் என்னைப் பார்த்தான். நண்பன்தான், ஆனாலும் காரியம் ஆகவேண்டிய நேரத்தில் என்னைச் சார் என்பான்.

நான் பிரிண்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, தலையை ஆட்டினேன். சிவப்பாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாய்ப்பு இருக்கு," என்றேன்.

போவதற்கு வண்டி வேண்டும். வண்டி வைத்திருந்தவன் நாலாவது ஆள், வாழைக்காரன். அவனிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. வாழைக்குலை ஏற்றுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்திருந்தான். அந்த வருஷம் ஓணத்துக்கு வெட்ட என்று பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து நானூறு நேந்திரன் வாழை வைத்திருந்தான். எல்லாம் குலை தள்ளி நின்ற நேரம். புயல் என்று அவன் காதில் விழுந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"புயலக் காணப் போறதுக்கு எனக்க வண்டியா? சவத்துப் பயலுவளா, எனக்க வாழ ஒக்க சரியட்டும்னா சொல்லுகிய?"

"நீ வரலேன்னா புயல் வராதாலே?" என்றான் பிரவுசிங்காரன். "கூட வந்தா வருகுதா இல்லியான்னு மொதல்ல உனக்குத்தான் தெரியும். வந்து முட்டுக்கொடுக்க நேரம் கெடைக்கும்."

வாழைக்காரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சாவியை எடுத்தான். இப்படியாக, ஒருவன் புயல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முன்னால் உட்கார, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். நானும் பிரவுசிங்காரனும் பின்னால் வாழைச்சருகின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் தேங்காப்பட்டணம். கடல் சும்மா கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நாய் மணலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. மஸ்கட்காரன் நெற்றியில் கைவைத்து அடிவானத்தைப் பார்த்தான். வாழைக்காரன் இரண்டு கையையும் மேலே தூக்கி ஸ்தோத்திரம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட அவன் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"இங்க இல்ல. அது கெழக்கால திரும்பியிருக்கு," என்றான் பிரவுசிங்காரன், போனைக் காதில் வைத்தபடி. கன்னியாகுமரிப் பக்கம் லாட்ஜில் வேலை பார்க்கும் அவனுடைய மச்சினன், அங்கே பயங்கரக் காற்று என்று சொல்லியிருக்கிறான். எந்த இடம் என்று கேட்டால் வட்டக்கோட்டை என்றான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வாழைக்காரன் முப்பதுக்கு மேல் ஓட்ட மறுத்தான். எங்கேயாவது கறுத்த மேகம் தெரிந்தால் அவன் கை தானாக வேறு பக்கம் திரும்பியது. தக்கலையில் ஒரு தடவை, நாகர்கோவிலில் ஒரு தடவை, தப்பான சாலையில் ரொம்ப தூரம் போய்த் திரும்பினோம்.

"புயலுக்கு எதிரா வண்டிய விடுகியாலே?" என்று மஸ்கட்காரன் கத்தினான்.

"எளவு, வழி தெரியல்ல கேட்டியா," என்றான் அவன். நாகர்கோவில் சந்தைக்கு வாரம் இரண்டு தடவை குலை கொண்டுபோகிறவன்.

வட்டக்கோட்டையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும், கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இறங்கினால் நிற்க முடியவில்லை. மணல் முகத்தில் வந்து அறைந்தது. பிரவுசிங்காரன் கையிலிருந்த பிரிண்டுகளில் பாதி கோட்டைச் சுவரைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டன. கோட்டையின் மேல்தளத்துக்கு ஏறினோம். அங்கே புதுக்கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க முயன்றுகொண்டிருந்தது. பெண்ணின் முந்தானை மாப்பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டது, அவன் அதற்குள்ளிருந்தே சிரித்துக்கொண்டிருந்தான். பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்கவில்லை. என் வேட்டியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி கட்டிக்கொண்டு புயலைப் பார்க்க வந்தது என் நிபுணத்துவத்துக்கு ஒரு சான்று.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் முகத்தைப் பார்த்தால், தெரியாது என்று சொல்ல வாய் வராது.

"மணிக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கும்," என்று கத்தினேன். "இது வெளிவட்டம். கண் இன்னும் பின்னால வருகு!"

மஸ்கட்காரன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். என் வேட்டியைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அங்கேயே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, போனைச் சட்டைக்குள் விட்டு, மனைவிக்குப் பேசினான். "ஏட்டி, வந்தாச்சி! புயல் வந்தாச்சி! பெட்டியப் பிரிச்சுப் போடு. பிள்ளைய வெளிய விடாத. சார் சொல்லியாச்சி, இன்னும் பெருசு பின்னால வருகாம்!"

வாழைக்காரன் படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இது புதுக்கடைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்டான். அறுபதால் வகுத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் என்றேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். எங்களை விட்டுவிட்டே போய்விடுவான் என்று பயந்து நாங்களும் பின்னால் ஓடினோம்.

கோட்டை வாசலில் ஒருவர் வெள்ளரிக்காயும் மாங்காயும் விற்றுக்கொண்டிருந்தார். மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தின்மேல் ஒரு கல், உப்புப் பொட்டலத்தின்மேல் ஒரு கல். மாங்காயை நிதானமாகக் கீறிக்கொண்டிருந்தார். பிரவுசிங்காரனுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கடையக் கெட்டிட்டு வீட்டுக்குப் போங்க. புயல் வந்தாச்சி."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் எந்த ஊரு?"

"புதுக்கடை."

"அதானே பாத்தேன். இது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துல்லா. இன்னும் மூணு மாசத்துக்கு தெனமும் இப்படித்தான் அடிக்கும். இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

வரும் வழியில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். அவற்றை எதற்காக அங்கே நட்டிருக்கிறார்கள் என்று நாலு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு வேகம் ஏன் கூடுகிறது என்பது எட்டாம் வகுப்பில் நானே எடுக்கிற பாடம். ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த இடத்தில் என்னைப் பூமி விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மாங்காய் நாலு கீற்று வாங்கித் தின்றுவிட்டு வண்டியில் ஏறினோம். வாழைக்காரன் மட்டும் எட்டுக் கீற்று தின்றான்.

வீட்டுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிவிடு என்றேன். மஸ்கட்காரன் மாட்டேன் என்றான். "குளச்சலப் பாத்துட்டுப் போவோம். அங்க தொறமுகத்துல கூண்டு ஏத்துவாவல்லா? எத்தனாம் நம்பர் கூண்டுன்னு பாத்தாத் தெரியும்." ரேடியோவில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு, நாலாம் எண் எச்சரிக்கைக் கூண்டு என்று கேட்டிருக்கிறோமே தவிர, அதில் ஒன்றையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

கடற்கரைச் சாலை வழியாகக் குளச்சல் போய்ச்சேரும்போது மணி நாலு. ஏலம் முடிந்து மணல் காலியாகக் கிடந்தது. கமுத்திப்போட்ட வள்ளத்தின் நிழலில் ஓர் அக்கா மீன்கூடைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் புயல் கூண்டு எங்க இருக்கு?" என்று மஸ்கட்காரன் கேட்டான்.

"கூண்டு என்னத்துக்கு? கோழி வளக்கவா?"

"புயல் வருமா வராதான்னு பாக்கதுக்கு."

"வராது மக்கா. மாதாவ வேண்டியிருக்கேன். வராது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இவனுக்கோ ஏமாற்றம் தாங்கவில்லை. "அப்படிச் சொல்லாதிய அக்கா. வரணும். வந்தாத்தான் நான் போற பிளைட்டு நிக்கும்," என்று சொல்லிவிட்டான்.

அவள் எழுந்து நின்றாள். "ஏலே, என்ன சொன்ன? எனக்க மாப்பிள தங்கலுக்குப் போயி இன்னைக்கு பதினோரு நாளு. போனும் கெடைக்கல்ல, ஒரு விவரமும் இல்ல. நீ பிளைட்டு ஏறாம இருக்கதுக்கு அவரு நடுக்கடல்ல கெடந்து சாவணுமா?"

தங்கல் என்றால் பத்து இருபது நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது. நாங்கள் நாலு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காலையிலிருந்து புயலைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தப் பிரிண்டில் சிவப்பாக இருந்த இடத்துக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று ஒருத்தன்கூட நினைக்கவில்லை. வாழைக்காரன் நினைத்தது வாழையை. நான் நினைத்தது என் மானத்தை. எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மஸ்கட்காரன் அழுதுவிட்டான். "தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா. புயல் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். நான் போயிருகேன்," என்றான். பிறகு அவள் கேட்காமலே மகளைப் பற்றி, பிஸ்கட்டைப் பற்றி, சனிக்கிழமையைப் பற்றி எல்லாம் சொன்னான். அவள் இடுப்பில் கைவைத்து முழுவதையும் கேட்டாள்.

"பிள்ளைக்கு எத்தன வயசு?"

"ஒண்ணர."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இந்த மீசைய வச்சிட்டுப் போனா எந்தப் பிள்ளலே வரும்? மொதல்ல அத எடு."

இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் நாலு பேரும் உடனே ஒத்துப்போனோம். இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டோம். குளச்சல் சந்திப்பில் ஒரு முடிவெட்டுக் கடைக்குள் அவனைத் தள்ளினோம். கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த மீசை அரை நிமிஷத்தில் போய்விட்டது. வெளியே வந்தவனைப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தான். மேலுதடு மட்டும் வெளுத்து, நனைந்த கோழியைப் போல நின்றான். நாங்கள் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். முடியவில்லை.

அவன் வீட்டுத் தெருவுக்குள் வண்டி நுழையும்போது மணி ஆறு. தெருவே புயலுக்குத் தயாராக நின்றது. கொடியில் ஒரு துணி இல்லை. கோழியெல்லாம் கூட்டுக்குள். ஓட்டுமேல் மணல் சாக்கு ஏற்றியிருந்தார்கள். ஒருத்தர் தன் பைக்கைத் தென்னையோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மத்தியானம் வட்டக்கோட்டையிலிருந்து வந்த செய்தியை அவன் மனைவி பக்கத்து வீட்டில் சொல்ல, அது 'சார் சொல்லியாச்சு' என்ற முத்திரையோடு தெரு முழுக்கப் போயிருக்கிறது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்காமல் குனிந்துகொண்டேன்.

மஸ்கட்காரன் மட்டும் சிரித்த முகமாக வீட்டுக்குள் போனான். உள்ளே பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுக் குரங்குக் குல்லா மாட்டி உட்காரவைத்திருந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் அவன் மனைவி, "ஆரு நீங்க?" என்றாள். அடுத்த கணம் பிள்ளை ஒரு கத்துக் கத்தியது. முதல் நாள் கத்தியது அதற்கு ஒன்றுமே இல்லை. இருபத்தேழு நாள் பழகிய மீசைக்காரனும் போய்விட்டான், புதிதாக ஒருத்தன் வந்து நிற்கிறான். அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

"இத்தன நாளு பாடுபட்டத ஒரு நாளுல கொண்டு தொலச்சிட்டு வந்து நிக்கியளே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துப் பிஸ்கட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பிஸ்கட் உள்ளே போகும், பிள்ளை வெளியே வராது. அன்று மாலை நான் போனபோது, "செரி விடு. போனுல சிரிப்பால்லா. அது போதும்," என்றான். அது போதாது என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி, வாழைக்காரன் வண்டியில் ஏற்றினோம். கருவாடு, நேந்திரங்காய் சிப்ஸ், மாங்காய் அச்சாறு. மனைவியும் பிள்ளையும் முன் இருக்கையில். பிள்ளை வழி முழுக்கத் தலையைத் திருப்பவில்லை. பின்னால் அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.  இரண்டு நாளாகவே பிரவுசிங்காரன் மேகப் படம் பார்க்கவில்லை, நாங்கள் தடைசெய்திருந்தோம்.

விமான நிலையத்தில் மனைவியிடம் சொல்லிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கால் மணி நேரத்தில் அதே டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னலே? பாஸ்போர்ட்டா?" என்று ஓடினேன்.

"பிளைட்டு இல்ல. மஸ்கட் ஏர்போர்ட்ட அடச்சிட்டாவளாம். அங்க புயலாம்."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பிரவுசிங்காரன் சட்டைப் பையிலிருந்து மிச்சமிருந்த ஒரே பிரிண்டை எடுத்து விரித்து, "நான் சொன்னம்லா! சொன்னம்லா! அம்பு மட்டும்தான்லே தப்பு!" என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குதித்தான். காவலர் வந்து அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். நாங்கள் கரை கரையாகத் தேடிக்கொண்டிருந்தபோது, அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக ஓமானுக்குப் போயிருக்கிறது. மஸ்கட்காரன் முதலில் தன் அறைக்காரர்களுக்குப் போன் போட்டான். எல்லோரும் பத்திரம், தெருவில்தான் தண்ணீர், வேலைக்கு லீவு என்றார்கள். அடுத்து குளச்சலில் தெரிந்த ஓர் ஐஸ் பிளான்ட்காரருக்குப் பிரவுசிங்காரனைப் பேசச் சொன்னான். தங்கலுக்குப் போன போட்டுகளெல்லாம் வடக்கே ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி நிற்கின்றன, ஆட்கள் பேசிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவன் சிரித்தான்.

"இதுக்குப் பேருதான் புயலு," என்றான் வாழைக்காரன். "வந்தா இப்படி வரணும்."

அடுத்த விமானம் திங்கட்கிழமை. கேட்ட இரண்டு நாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துத் தூங்கிப்போயிருக்கிறான். மூன்று நாள் வளர்ந்த மீசை முள்ளுமுள்ளாக நின்றது. பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, தூங்குகிறவனின் மேலுதட்டைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். முள் குத்தியது. கையை எடுத்துச் சிரித்தாள். மறுபடி தடவினாள், மறுபடி சிரித்தாள். அவன் விழித்துவிட்டான், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே கிடந்திருக்கிறான். சாயங்காலம் நான் போகும்போது பிள்ளை அவன் இடுப்பில் இருந்தாள்.  கிணற்றடிக்கும் வாசலுக்கும் இடையே அவளைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்துகொண்டே இருந்தான். நான் பேச்சுக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் அவள் இறங்கமாட்டேன் என்றாள். சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு கையைப் பிரித்தால் மறு கை பிடித்தது. கடைசியில் அவள் அம்மாவும் நானும் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தோம். காலரில் ஒரு பட்டன் தெறித்துப் போனது. இவ்வளவு நாள் அவன் வருகிறான் என்று அழுத பிள்ளை அன்று அவன் போகிறான் என்று அழுதாள். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். வாழைக்காரன் தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினான்.

வண்டி கிளம்பியதும் வாழைக்காரன் ஒரு மட்டிப்பழத்தை உரித்துப் பிள்ளை கையில் கொடுத்தான். பாலராமபுரம் தாண்டும்போது அழுகை நின்றுவிட்டது. நெய்யாற்றின்கரையில் இன்னொரு பழம் கேட்டாள். பாறசாலை வருவதற்குள், கன்னத்தில் பழத்தோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். வீடு வந்ததும் எழுந்து கோழியைத் துரத்தப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மஸ்கட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஊர்ச் செய்தி, விமானம், வெள்ளம் என்று சுற்றிச் சுற்றி என்னவெல்லாமோ பேசினான். மனைவியிடம் கேட்க முடியாத ஒன்றைக் கேட்கத்தான் எனக்குப் போட்டிருக்கிறான் என்று புரிந்தது. பிறகு கேட்டான்.

"நான் போனப்பொறவு ரொம்ப அழுதாளாலே?"

"ஆமா."

"எதுவர அழுதா?"

பாலராமபுரம் வரை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வீடு வந்து சேருகது வர அழுதா," என்றேன். "ராத்திரியும் ஒன்னத் தேடினாளாம்."



"பாவம்லே எனக்க பிள்ள," என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.